ஊருக்கெல்லாம் ஒரே நம்பர்

என் வீட்டுக்காரர் கலியமூர்த்தியின் செல்போன் எண்தான் மேனாம்பேட்டில் பாதிப் பேருக்கு எண். யார் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தாலும் எங்கள் வீட்டில் போன் கத்தும். யாருடைய மகள் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் ஓடிபி எங்களுக்கு வரும். ஒருநாள் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், உங்கள் பெண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் தயார் என்று செய்தி வருகிறது. எனக்கு வயது நாற்பத்தெட்டு. பற்றிக்கொண்டு வராதா?

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எங்கள் கடை. ஜெராக்ஸ் மெஷின் என் பொறுப்பு, கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பத்தொன்பது வருடம் லேத் ஓட்டியவர். கம்பெனியை மூடினார்கள், வீட்டுக்கு வந்தார், கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டித் தானே கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தக் கொடுப்பினை எனக்கு ஏது?

இரண்டு வருடத்துக்கு முன்னால் 'நாலுவரி' என்று ஒரு தளத்தைக் கண்டுபிடித்தார். யார் வேண்டுமானாலும் தமிழில் எழுதிப் போடலாம். கடைக்கு வருகிறவர்கள் ஏதாவது குறை சொன்னால் போதும், ஸ்டூலை இழுத்துப் போடுவார். "இன்னாத்துக்கு எங்கையில சொல்ற? வாட்ஸப்புல போட்டா நாளைக்கு மேல பூடும். இதுல போடு, நிக்கும்."

வந்தவர்கள் படுத்திய பாடு கொஞ்சமா? தாயம்மா எழுதி முடித்து வெளியிடாமலே மூடிவிடுவாள், காணோம் என்று மறுபடி முதலிலிருந்து எழுதுவாள். ஒரே கதை பதினான்கு முறை அரைகுறையாகக் கிடந்தது. அய்யாசாமி தன் ரேஷன் கார்டைப் படம் பிடித்து உலகத்துக்கே காட்டிவிட்டார். சோற்றில் கை வைத்த என் வீட்டுக்காரர் பாதியில் எழுந்து ஓடிப்போய் அதை எடுத்தார். இவருக்குக் கோபமே வராது. மேலே மூன்று புள்ளி, அதற்குள் பென்சில் படம், கீழே பச்சைப் பொத்தான் என்று ஆயிரம் தடவை சொல்வார். அவருக்கும் சேர்த்துக் கோபப்பட வேண்டியது நான்.

கணக்குத் திறக்கும்போது செல் எண் கேட்கும். நம் ஜனங்களோ ஆறு மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவர்கள். பழைய எண் போனால் கணக்கும் போகும். அதனால் இந்த மகராசன் முப்பத்தோரு பேருக்கும் தன் எண்ணையே போட்டார். பாஸ்வேர்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். "சும்மா இரும்மே, அவங்க தொலைச்சா நான் எட்த்து குட்ப்பேன்" என்றார். அந்தச் சனியன் பிடித்த தளமும் அப்போது வாயைத் திறக்கவில்லை.

அந்த முப்பத்தோரு பேரில் ஒருத்தி வேம்புலியம்மாள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பெருக்கித் துடைக்கிறவள். அவள் புருஷன் மதுரைவீரனுக்குப் போன வருடம் தை மாதம் பிரஸ் மெஷினில் வலது கை விரல் மூன்று போய்விட்டது. ஒன்றரை வருடம் உழைத்த கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? இவன் எங்கள் ஆளே இல்லை, லோடு இறக்க வந்தவன், சும்மா கிடக்காமல் மெஷினில் கையை விட்டான் என்றது. சம்பள ரசீது கிடையாது, அடையாள அட்டை கிடையாது, எதை வைத்து நிரூபிப்பது? நாக்கில் நரம்பில்லாத பயல்கள்.

தொழிலாளர் அலுவலகத்தில் வழக்குப் போட்டார்கள். நடந்ததையெல்லாம் வேம்புலியம்மாள் நாலுவரியில் தேதி போட்டு எழுதிவந்தாள். விபத்து நடந்த நாளைப் பற்றி எழுதியதன் கீழே பரத் என்ற பெயரில் ஒரு பதில் வந்தது: 'நான் பக்கத்து மெஷின். அண்ணன் என்னோடு ஒன்றரை வருடம் வேலை பார்த்தார். ரத்தத்தைக் கழுவி விட்டது நான்தான்.'

அந்தப் பரத்தும் எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவன்தான். முப்பது வயது, அதே கம்பெனியில் இன்னும் வேலையில் இருந்தான். அவன் கணக்கும் எங்கள் எண்ணில்தான். அந்த மூன்று வரியைப் பார்த்துவிட்டு வக்கீல் துள்ளினார். பிரிண்ட் யார் வேண்டுமானாலும் அடித்துக் கொண்டுவரலாம், வெள்ளிக்கிழமை விசாரணையில் தளத்தையே திறந்து காட்டிவிடுவோம் என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை தளம் வாயைத் திறந்தது. ஒரே எண்ணில் முப்பத்தோரு கணக்கு, இது ஒரே ஆள் செய்யும் மோசடி, எல்லாவற்றையும் முடக்கியாயிற்று. வெள்ளி காலை எட்டு மணிக்குள் ஒவ்வொருவரும் சொந்த எண்ணிலிருந்து முகத்தைக் காட்டி உறுதிசெய்யாவிட்டால் அடியோடு நீக்கப்படும்.

"யோவ், நல்லா இருப்பியாய்யா நீ? அந்தப் பொம்பள ஒரு வருஷமா எழுதுனதுக்கு ஒரே நாள்ல கொள்ளி வச்சிட்டியே!" என்று கத்தினேன். பேப்பர் வாங்க வந்தவர் வாங்காமலே போய்விட்டார். வேம்புலியம்மாள் வந்தாள், விஷயத்தைக் கேட்டாள், ஸ்டூலில் குந்திவிட்டாள். "அண்ணாத்தே, அந்தப் பையன் எய்துனது மட்டும் இருந்தா போதும். நான் எய்துனது பூட்டாலும் போவட்டும்" என்றாள். திட்டியிருந்தால்கூட இவருக்குத் தாங்கியிருக்கும்.

டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒருவர் போனில் ரீசார்ஜ் இல்லை, ஒருத்தி போன் மகன் கையில், அய்யாசாமி முகத்தைக் காட்டச் சொன்னால் சாமி படத்தைக் காட்டுகிறார். வியாழக்கிழமை மதியத்துக்குள் வேம்புலியம்மாளின் கணக்கு உட்பட முப்பது திறந்துவிட்டது. பரத் மட்டும் போனை எடுக்கவே இல்லை.

ரயிலேறித் திருநின்றவூர் போனோம். ஏரிப் பக்கம் பரத்தின் வாடகை வீடு. கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தவன் எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தான்.

"என் நம்பர்ல, என் மூஞ்சியக் காட்டியா? வேல பூடும்ண்ணா. உங்க நம்பர்ன்ற தைரியத்துலதான் எய்துனேன். கேட்டா, அது நான் இல்ல, வேற பரத்துன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "அங்க ஒருத்தன் வெரல் இல்லாம சோத்த எட்த்து வாயில வைக்க முடியாம குந்திகினு கீறான். ஒனக்கு வேல பெருசா?" என்று தெருவே எட்டிப் பார்க்கக் கத்தினேன். குழந்தை அழுதது. இவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவனிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "விசாரணை நாளைக்கு பத்து மணிக்குப்பா" என்றார், அவ்வளவுதான்.

திரும்பும் ரயிலில் நான் விடவில்லை. நாலு போடு போட்டிருந்தால் வழிக்கு வந்திருப்பான், நீயெல்லாம் ஒரு ஆம்பளையா என்றுகூடக் கேட்டுவிட்டேன். பட்டாபிராம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார். "எங்க கம்பெனிய மூடுனப்போ கூட வேல செஞ்சவங்க சாட்சிக் கையெய்த்து கேட்டாங்க மங்களம். பயந்துகினு நான் போடல. போடாதவன் நான், அவனை எப்டி திட்றது?"

கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம். இதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை. அதற்கும் கோபம் வந்தது. ஆனால் கத்தத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரி முன்னால் வக்கீல் தளத்தைத் திறந்தார். வேம்புலியம்மாள் எழுதியதெல்லாம் இருந்தது. பரத்தின் மூன்று வரி இருந்த இடத்தில், 'இந்தக் கணக்கு நீக்கப்பட்டது' என்று இருந்தது. போதாததற்குப் பக்கத்தின் தலையில் ஒரு மஞ்சள் பட்டை, பல கணக்குகள் ஒரே எண்ணில் திறக்கப்பட்டவை என்று.

கம்பெனி மேனேஜருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "பாத்தீங்களா சார்? எல்லாம் இந்த ஜெராக்ஸ் கடை ஆள் உக்காந்து எழுதினது. சாட்சின்னு ஒருத்தன் கிடையாது, எல்லாம் கப்சா."

அதிகாரி இவரைப் பார்த்தார். "உங்க நம்பர்தானா?"

"நம்பர் என்னுது சார். எய்துனது அவங்க."

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். மதுரைவீரன் கட்டுப்போட்ட மாதிரி துண்டைச் சுற்றியிருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். வேம்புலியம்மாள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது. நாசமாகப் போக என்று நான் மனதுக்குள் சபித்தது மேனேஜரையா, தளத்தையா, என் புருஷனையா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பரத் வந்தான். நீலச் சட்டை, நெஞ்சில் கம்பெனி பெயர், வேலைக்குக் கிளம்பிய கோலம். மேனேஜர் எழுந்தே விட்டார்.

"டேய் பரத்! ஷிஃப்ட்ல இல்லாம இங்க என்னடா பண்றே?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதிகாரி பேனாவை எடுத்தார். "சாட்சின்னு யாரும் இல்லன்னீங்க. இவர் உங்க ஆளா?" மேனேஜர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

பரத் அதிகாரியின் மேசைக்கு எதிரே வந்து நின்றான். "பக்கத்து மெஷின் என்னுது சார். அவுரு ஒன்றர வருசமா எங்கூட வேல செஞ்சாரு. ரத்தத்த கய்வி வுட்டது நான்தான். அங்க எய்துனது பூட்ச்சின்னா, நான் பூட்டனா?" சொல்லிவிட்டுச் சொந்தப் போனை எடுத்து, எண்ணை எழுதிக்கொள்ளச் சொல்லி அதிகாரியிடம் நீட்டினான்.

மதுரைவீரன் கம்பெனி ஆள்தான் என்று அன்றைக்கே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். சனிக்கிழமை பரத்தை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அயோக்கியர்கள், ஒருநாள்கூடத் தாமதிக்கவில்லை. அவன் வாசலில் நான் கத்திய வார்த்தைகள் எனக்கு இன்றைக்கும் நெஞ்சில் குத்துகின்றன.

திங்கட்கிழமை கடைக்கு வந்தான், வேறு வேலைக்கு விண்ணப்பிக்க. இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். பெயர் அடித்தார், ஊர் அடித்தார், செல் எண் என்ற கட்டம் வந்ததும் கை பாட்டுக்கு ஒன்பது, எட்டு என்று தன் எண்ணையே அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"யோவ்!" என்று நான் வாயைத் திறப்பதற்குள் பரத் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். "தள்ளுங்கண்ணா" என்று சொல்லி, அடித்ததை அழித்துவிட்டு, தன் எண்ணின் பத்து இலக்கத்தையும் ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அடித்தான்.