இடம் மாறிய கை

அறுபதுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒரு பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தியூர்ச் சந்தைக் குதிரைகள், அவிநாசித் தேர் என்று ஊர் ஊராகச் சுற்றி எடுத்த படங்களை வாசகர்கள் மெச்சினார்கள். ஆசிரியருக்கோ ரத்தம் வேண்டும். ரத்தம் இருந்தால்தான் முதல் பக்கம்.

ஒரு மில் வேலைநிறுத்தத்தில் அது கிடைத்தது. கேட்டைத் தாண்டி உள்ளே போகப் பார்த்த மேஸ்திரியைத் தொழிலாளர்கள் வளைத்துக்கொண்டார்கள். பனியன் போட்ட ஒருவன், எனக்கு முதுகைக் காட்டியபடி, தடியை ஓங்கினான். மண்டையில் அடி விழுந்த சத்தத்தில் என் கேமராவின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மேஸ்திரி விழுந்தார். விழுந்தவரை ஏறி மிதித்தார்கள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். அதுதான் என் பிழைப்பு; அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

மறுநாள் பேப்பரைப் பிரித்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. படத்தை அச்சுக்கு பிளாக் செய்கிற அறையில் எந்தப் புண்ணியவானோ நெகட்டிவைப் புரட்டிப் போட்டிருந்தான். வலது இடதாகிவிட்டது. பின்னாலிருந்த டீக்கடை போர்டு படத்தில் விழுந்திருந்தால் எழுத்து திரும்பிக் கிடப்பதையாவது யாராவது பார்த்திருப்பார்கள். இடம் போதவில்லையென்று அந்த ஓரத்தையே வெட்டியிருந்தார்கள். தடி இப்போது இடது கையில் இருந்தது.

முகம் தெரியாத முதுகை வைத்துக்கொண்டு போலீஸ் என்ன செய்யும்? கையைப் பார்த்தது. அந்த மில்லில் அறுந்த நூலை இடது கையால் முடிச்சுப் போடுகிறவன் ஒரே ஒருவன்தான். நான் விசாரித்து ஓடுவதற்குள் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எதையும் வெட்டாமல் முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டு, ஈரம் காயுமுன்னே ஸ்டேஷனுக்குப் பறந்தேன். வாசலில் அவன் மனைவி நின்றிருந்தாள். உள்ளே லத்தி விழுவதும் அவன் அலறுவதும் தெருவரை கேட்டன. படத்தைக் காட்டினேன். ஓரத்தில், பேப்பரில் வெட்டுப்பட்ட இடத்தில், வெறுங்கையோடு நின்ற ஒருவனை அவள் விரலால் தொட்டாள்.

"இவருதானுங்க! கையைக்கூட ஓங்கலீங்களே. வுட்டுருவாங்களாங்க?"

"வுட்டுருவாங்க அம்மணி. சாட்சிதான் கையிலேயே இருக்குதே."

இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். எங்கள் ஊரில் தோலை உரிக்கிறவர்களும் மரியாதையைக் குறைக்க மாட்டார்கள். போர்டின் எழுத்து நேராக இருப்பதைக் காட்டினேன். தடி வலது கையில் இருப்பதைக் காட்டினேன். ஓரத்தில் நின்றவனையும் காட்டினேன்.

"அட, ஆமாங்க. இவன் அடிக்கலீங்க" என்று சிரித்தார். பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "ஆனா பாருங்க, அடிச்சவன் மொகத்தை இவன் நேருக்கு நேரா பாத்துட்டு நிக்கறான். அப்ப ஆளு யாருன்னு இவனுக்குத் தெரியுமில்லீங்களா?"

படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். ஓய்ந்திருந்த லத்தி மறுபடியும் விழத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக. அந்த நாற்காலியைத் தூக்கி அவர் மண்டையில் போட வேண்டும் போலிருந்தது எனக்கு. போடவில்லை. எழுந்து வெளியே வந்தேன்.

"இவரு அடிக்கலேன்னு ஒத்துக்கிட்டாங்களாங்க?" என்றாள்.

"ஒத்துக்கிட்டாங்க."

"அப்பறம் எதுக்குங்க அடிக்கறாங்க?"