ஆமைத் தொட்டிக்குச் சத்தமில்லாத பில்டர்

பில்டர் மாட்டப் போனவன் ஒரு கல்யாணப் பேச்சில் பெண்ணுக்கு ஒன்றுவிட்ட மாமனாக உட்கார்ந்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது அது. மதுரை டவுனில் ஒரு கலர் மீன் கடையில் எனக்கு வேலை. தொட்டி செட்டிங், பில்டர், ரிப்பேர் எல்லாம் என் பொறுப்பு.

விளாங்குடியிலிருந்து செல்லம் அக்கா கடைக்கு வந்தார்.

"தம்பி, சத்தமே போடாத பில்டர் ஒண்ணு வேணும். வாடையும் வரக்கூடாது."

"என்ன மீன் வளக்குறீங்கக்கா?"

அக்கா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆமை."

வளர்ப்பது அவர் மகள் கௌரி, நர்சரி ஸ்கூல் டீச்சர். அந்த ஞாயிற்றுக்கிழமை பேரையூர்ப் பக்கமிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாக. அவுக கண்ணுல பட்டுச்சுன்னா காப்பியக்கூடத் தொடாமக் கெளம்பிருவாக."

"அன்னைக்கு மட்டும் பக்கத்து வீட்டுல குடுத்து வைங்களேன்."

"எவ வாங்குவா? அவ வீட்டுலயும் கல்யாணத்துக்குப் பிள்ளை இருக்குல்ல!"

மீனுக்குப் பார்ப்பதுபோல் ஆமைக்குப் பில்டர் பார்க்க முடியாது. ஒரு தொட்டி மீன் சேர்ந்து செய்யும் அழுக்கை ஓர் ஆமை தனியாகச் செய்துவிடும். கூழாங்கல்லுக்கு அடியில் பதிக்கிற தட்டு பில்டர் என்றால், கல்லைக் கிளறித் தட்டைப் பெயர்த்துவிடும். ஸ்பாஞ்ச் பில்டரைக் கடித்துத் துப்பிவிடும். மிச்சமிருந்தது பாக்ஸ் பில்டர். பிளாஸ்டிக் பெட்டிக்குள் பஞ்சு, வாடைக்குக் கழுவிய கரி. வெளியே இருக்கும் காற்று மோட்டாரிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று பெட்டிக்குள் போகும். குமிழ் கிளம்பும்போது அழுக்குத் தண்ணீரைப் பஞ்சு வழியாக இழுக்கும்.

அக்கா வீட்டுக்குப் போய்த் தொட்டிக்குள் பெட்டியைக் கல் வைத்து அமுக்கினேன். மோட்டார் உறுமாமலிருக்க அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்தேன். மோட்டாரைத் தொட்டியைவிட உயரமான அலமாரியில் ஏற்றி, "இதக் கீழ மட்டும் எறக்கிராதீங்கக்கா. கரண்ட் போனா டியூப் வழியாத் தண்ணி எறங்கிரும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏதாவது கோளாறு ஆனால் பார்க்க ஆள் வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமையும் என்னை வரச்சொல்லியிருந்தார். போனால், தொட்டியைப் பெட்ஷீட் போட்டு மூடியிருந்தது. அலமாரியில் மோட்டாரைக் காணோம்.

"கண்ணுல படுதுன்னு ஸ்டாண்டுக்குப் பின்னாடி தரையில வச்சுட்டேன். நீ என் ஒண்ணுவிட்ட தம்பி, ஞாபகம் வச்சுக்க."

நான் நகர்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியப்பா. பெரியப்பா கனத்த சரீரம். வாகாக முதுகு சாய்க்க இடம் தேடி, தொட்டி ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குச் சக்கரை போடாதீக. வியாதி இருக்கு. ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் போக வேண்டியிருக்கு" என்றார்.

பேச்சு நன்றாகத்தான் போனது. பிறகு கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. மோட்டாரும் நின்றது. ஜமுக்காளத்தில் ஈரம் கறுப்பாகப் படர்ந்து பெரியப்பாவை நோக்கிப் போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தால் ஆமை வெளியே வந்துவிடும். செல்லம் அக்கா கண்ணாலேயே என்னை அமுக்கி வைத்திருந்தார்.

பெரியப்பா மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"பெரியப்பா, கெளம்புவமா?" என்றார் மாப்பிள்ளை.

"இருடா, என்ன அவசரம்? காப்பி நல்லாருக்கு. இன்னொண்ணு குடிப்போம்."

குடித்தார். மறுபடி கூப்பிட்டார்கள். "வெயில் தாழட்டும்டா" என்றார். மழை பெய்யும்போல் வெளியே இருட்டிக்கொண்டு இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, பெரியவர் கண் கலங்கியிருந்ததைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

காலி டம்ளரை எடுக்கக் குனிந்த கௌரி ஈரத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா வேண்டாமென்று தலையாட்டினார். கௌரி நிமிர்ந்தாள்.

"ஐயா, எந்திரிங்க. எங்க தொட்டித் தண்ணி ஒழுகி உங்க வேட்டிய நனைச்சிருச்சு."

சொல்லிக்கொண்டே பெட்ஷீட்டை இழுத்தாள். குறைந்துபோன தண்ணீரில் நின்றபடி ஆமை கழுத்தை நீட்டி எல்லாரையும் பார்த்தது. நான் ஓடிப்போய் டியூபைத் தண்ணீரிலிருந்து உருவினேன். அக்கா சுவரோடு சாய்ந்துவிட்டார்.

பெரியவர் ஆமையைக் கவனிக்கவே இல்லை. "நெசமாவே தொட்டித் தண்ணிதானா தாயி?"

"வேணும்னா மோந்து பாருங்கய்யா."

வேட்டி நுனியை மோந்தே பார்த்தார். "பாசி வாடைதான்!" என்று கத்திக்கொண்டு எழுந்தார் பாருங்கள், அந்தச் சரீரத்துக்கு அப்படி ஒரு துள்ளல்.

"அத்தான், ஆமை..." என்று மாப்பிள்ளையின் அம்மா இழுத்தார்.

"ஆமையாவது அமீனாவாவது! என் மானத்தக் காப்பாத்துன பிள்ளைம்மா இது. நமக்கு இந்தப் பிள்ளைதான்."

மாப்பிள்ளை அதற்குள்ளாகவே கௌரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கௌரி அவரைப் பார்க்காமல் பெரியவரிடம், "ஆமையும் கூட வரும்ங்கய்யா" என்றாள்.

"வரட்டும் தாயி. எனக்குப் பக்கத்துல மட்டும் வச்சிராதீக."

அதற்கப்புறம் எத்தனையோ பேருக்குப் பில்டர் கொடுத்துவிட்டேன். தொட்டி என்ன அளவு, என்ன வளர்க்கிறீர்கள் என்று எல்லாக் கடைக்காரர்களும் கேட்பார்கள். நான் கூடவே இன்னொன்றும் கேட்பேன்: "யாருக்குத் தெரியாம வளக்கப் போறீங்க?" கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. பதில் சொன்னவர்கள் வீட்டுத் தரை இன்றுவரை காய்ந்துதான் கிடக்கிறது.