பூதம் பாடாத தாலாட்டு

அந்தப் படத்தை நான் பாதிகூடப் பார்க்கவில்லை! முழுக்கப் பார்த்தவன்போல் விமர்சனம் எழுதிக் கிழிகிழியென்று கிழித்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்... ஆனால் படம் குப்பை. இதை எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன்!

சுதந்திரம் வந்த புதிது. பிணங்களின் உறுப்புகளைத் தைத்துப் பூதமொன்றை உண்டாக்கும் சீமைக் கதையை எங்கள் மைசூரிலேயே தமிழில் எடுத்தார்கள். பாழடைந்த கோட்டையின் சுவர், கதாநாயகி சாய்ந்ததும் உள்வாங்கியது. இடுகாட்டில் அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காதல் பாட்டுப் பாடினாள். இடி இடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் மிருதங்கம்! உள்ளூர்த் தமிழ் வாரப் பத்திரிகைக்காகக் கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பூதம் கண்ணைத் திறந்தது.

பூதமாக நடித்தவன் என் நண்பன் சேவியர். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். அவன்தான் என்று தெரியும். தெரிந்தும்... அந்தப் பார்வை! மறுகணம், பட்டப்பகலில், தேவராஜா மார்க்கெட்டின் மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே நின்றேன். ஒரு செருப்பு கொட்டகையிலேயே தங்கிவிட்டது.

மீதிப் படத்துக்குக் கைகொடுத்தது, வாசலில் வாங்கிய, கதைச் சுருக்கமும் போட்ட பாட்டுப் புத்தகம். அதில் பூதம் பாடும் தாலாட்டு ஒன்று இருந்தது. 'சேவியரின் தாலாட்டுக்குக் குழந்தைகள்கூடச் சிரித்தன' என்று எழுதினேன். பின்னே, பயந்து ஓடினேன் என்றா எழுதுவது?

பத்திரிகை வந்த வாரமே சேவியர் வந்தான்.

"ஏன் ஸ்வாமி, அடுத்த பூதப் படத்துக்கு என்னைப் பேசி வெச்சிருந்த முதலாளி, நீ எழுதினதைப் படிச்சிட்டு வேற ஆளைத் தேடறாராம்."

"நல்லதாப் போச்சு! பையனுங்க டிரில் கெடாது" என்றேன். என் வாய் அப்படி.

"அந்தத் தாலாட்டைத்தான் வெட்டிட்டாங்களேப்பா. புஸ்தகத்துல மட்டும்தான் இருக்கு. நீ எங்கே கேட்டே?"

மேஜைமேல் கிடந்த பாட்டுப் புத்தகத்தைப் பத்திரிகையால் மூடினேன்.

"சண்டைக்கு வரலை. ஒரு திருத்தம் எழுதினியானா அந்த வேஷம் எனக்கே வரும். அது கெடக்கட்டும்... நான் கண்ணைத் திறந்தப்போ உனக்குப் பயமா இருந்துச்சா? அதை மட்டும் சொல்லு."

ஒரே ஒரு 'ஆமாம்' போதும்!

"சிரிப்பாத்தான் இருந்துச்சு" என்றேன்.

"ஹௌதா?" என்று, 'அப்படியா' என்பதைக் கன்னடத்தில் கேட்டுவிட்டு எழுந்துபோனான். திருத்தம் நான் எழுதவில்லை. அவன் பிறகு நடிக்கவேயில்லை.

மன்னிப்பா? உங்களிடம் கேட்கமாட்டேன்! கேட்டால் கொடுத்துத் தொலைப்பீர்கள். நான் எழுதியதில் அந்த ஒரு வரியைத் தவிர அத்தனையும் உண்மை. மற்றதில் இன்றைக்கும் ஒரு சொல்லை மாற்றமாட்டேன். ஆனால் அந்தக் குப்பையில் உண்மையாக இருந்தவன் ஒருவன்தான்... அவனைத்தான் பொய்யால் அடித்தேன்.

சேவியர் இன்னும் மைதானத்தில் லெஃப்ட், ரைட் சொல்கிறான். பையன்களுக்கு அவனிடம் துளிப் பயமில்லை. நான்தான், அந்தப் பள்ளிக்கூட வாசலைக் கடக்கையில், சைக்கிளை வேகமாக மிதிக்கிறேன்...