கோட்டைச் சுவரில் வைத்த ஃபைல்

நாங்கள் வேல்ஸ் போனதே என் பிடிவாதத்தால்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னைத் திட்ட நினைக்கிறவர்களுக்கு வேலை மிச்சம்.

அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் எங்களுக்கு அது ஆறாவது வருடம். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். பழைய விசா முடிந்துவிட்டது. அந்த நிலையில் நாட்டைவிட்டு வெளியே போகிறவர்கள், திரும்ப உள்ளே வருவதற்கென்று போட்டோ போட்ட ஒரு அனுமதித் தாளை வாங்கிக்கொண்டு போக வேண்டும். "அது தொலைந்தால் கிரீன் கார்டையும் மறந்துவிட வேண்டியதுதான். நகல் எல்லாம் செல்லாது. போகாமல் இருக்க முடியாதா?" என்று கேட்டார் வக்கீல். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். என் அக்காவைப் பார்த்து எட்டு வருடம் ஆகியிருந்தது, நான் வேறென்ன செய்ய?

அக்காவின் கணவருக்கு அங்கே ஒரு சின்ன கிராமத்தில் டாக்டர் வேலை. ஊர் பெயர் எனக்குக் கடைசிவரை வாயில் நுழையவில்லை. ஒரே தெரு, சாம்பல் நிறக் கல் வீடுகள், மேட்டில் இடிந்த கோட்டை ஒன்று, ஆற்றோரம் பழைய தேவாலயம். மீதி இடமெல்லாம் ஆடுகளும் மழையும்தான்.

நாங்கள் இருவரும் மகளும் போக, நாலாவது ஆளாக ஒரு ஃபைலும் வந்தது. ஜிப் வைத்த நீல ஃபைல். அனுமதித் தாள்கள், பாஸ்போர்ட்டுகள், கல்யாண ஆல்பத்திலிருந்து பிய்த்த இரண்டு படம் வரை எல்லாம் அதற்குள். விமானத்தில் பாத்ரூம் போனபோதுகூட என் கணவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போனார்.

"அக்கா வீட்டு பீரோவுலயே வச்சிட்டு வாங்களேன்" என்றேன்.

"வீடு தீப்பிடிச்சா?"

"கல்லு வீடுங்க. வெளியில மழை கொட்டுது. எங்கேர்ந்து தீப்பிடிக்கும்?"

"பேசாம வா."

சொன்னால் கேட்கிற ஜென்மமா? கோட்டைக்கும் அது வந்தது. டிக்கெட் கொடுத்த வயதானவர் முதலில் ஃபைலைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். ஏதோ கணக்கெடுக்க வந்த அதிகாரி என்று நினைத்திருப்பார். உள்ளே பாதி விழுந்த கோபுரம், சுவரெல்லாம் பாசி. எங்கள் ஐந்து வயது மகள் ஓடிக்கொண்டே இருந்தாள். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். அந்தப் பயணத்தில் அதுவரை எடுத்த எல்லாப் படத்திலும் அந்த நீல ஃபைல் இருந்தது ஞாபகம் வர, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரே ஒரு போட்டோவுக்காவது அந்தச் சனியனைக் கீழ வைங்க!"

மனுஷன் என்ன நினைத்தாரோ, மறுபேச்சு இல்லாமல் பக்கத்துச் சுவரில் வைத்தார். நான் எடுத்தேன்.

அங்கிருந்து தேவாலயம் அரைமணி நடை. உள்ளே மெழுகு வாசனையும் ஈர வாசனையும். தேய்ந்துபோன கல்லறை எழுத்துகளை மகள் விரலால் தடவிக்கொண்டிருந்தபோது இவர் தன் கக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். இரண்டு இடத்திலும் ஃபைல் இல்லை.

ஓடினோம். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, செருப்பு சேற்றில் வழுக்க வழுக்க, தெரிந்த சாமி பெயர் எல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். மழை வலுத்துவிட்டது. டிக்கெட் கூண்டு பூட்டிக் கிடந்தது. கம்பிக் கதவு சும்மா சாத்தியிருந்ததால் உள்ளே போனோம். சுவரில் ஒன்றும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், புல்லில், கோபுரத்தின் அடியில், எங்கும் இல்லை.

அமெரிக்காவில் பிறந்தவள் என்பதால் மகளை மட்டும் உள்ளே விடுவார்கள். எங்களை விடமாட்டார்கள். எல்லாம் என் வாயால் வந்த வினை. இவர் என்னை அடித்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

இவரோ அந்த ஈரச் சுவரில் போய் உட்கார்ந்தார். "விடு. போனா போகட்டும்" என்றார்.

"என்ன பேசறீங்க?"

"இங்கேர்ந்து நேரா ஊருக்கே போயிடலாம். ஆறு வருஷமா அந்தப் பேப்பரைக் கட்டிக்கிட்டு அழறேன். போதும்னு இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிய, கால்களை ஆட்டிக்கொண்டு, கல்யாணமான புதிதில் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. ஃபைல் தொலைந்ததைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "பைத்தியமா உங்களுக்கு? எந்திரிங்க!" என்று கத்தினேன்.

"அம்மா, கேன் வீ கோ ஹோம்?" என்றாள் மகள். எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா வீடுவரை நான் அழுதுகொண்டே நடந்தேன். இவர் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஆடுகளைக் காட்டிக்கொண்டே வந்தார். போலீஸில் சொல்ல வேண்டும், தூதரகத்துக்கு போன் பண்ண வேண்டும், வக்கீலிடம் என்ன சொல்வது என்று என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் அப்படி ஒரு கவலையும் காணோம்.

மணியை அடிப்பதற்குள் அக்கா கதவைத் திறந்தாள். கையில் நீல ஃபைல்.

"ஏண்டி, இதையா கோட்டையில போட்டுட்டு வருவீங்க? டிக்கெட் குடுக்கற பெரியவர் கொண்டாந்து குடுத்துட்டுப் போறார். இந்த ஊர்ல நம்ம ஜாடையில யாரைப் பார்த்தாலும் டாக்டர் வீட்டுக்கு வந்தவங்கன்னு தெரியும்ல!"

நான் அக்காவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அழுது முடித்துத் திரும்பினால், இவர் மகளைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. "கிடைச்சிடுச்சா" என்றார். பிறகு துண்டில் கையைத் துடைத்துவிட்டு, சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, ஜிப்பைத் திறந்து, தாள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

அமெரிக்கா திரும்பியபோது நூவர்க் விமான நிலையத்தில் அதிகாரி தாளைப் பார்த்தார், முத்திரை குத்தினார், உள்ளே விட்டார். அவ்வளவுதான். திங்கள்கிழமை இவர் வழக்கமான ரயிலைப் பிடித்து மன்ஹாட்டன் வேலைக்குப் போனார்.

ஃபிலிம் ரோலைக் கழுவிப் படங்கள் வந்தபோது, ஒன்றில் மட்டும் ஃபைல் இல்லை. பாசிச் சுவருக்கு முன்னால், இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார். நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அதை நான் ஆல்பத்தில் வைக்கவில்லை, பீரோவில் புடவைகளுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

கிரீன் கார்டு அடுத்த வருடம் வந்தது. பிறகு வீடும் வாங்கினோம். அன்றைக்குச் சுவரில் உட்கார்ந்து சொன்னது நிஜம்தானா என்று நான் அவரை இதுவரை கேட்டதில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது.