பிந்திப் போன தண்ணீர்ப் போத்தல்

நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு வந்த செவ்வாய்க்கிழமைதான், எங்களுக்கெல்லாம் அக்கா போன்ற எதிர்வீட்டு ஸுல்பிகா ராத்தா மாற்றலாகி எலுவன்குளத்துக்குப் போனார். ஹஜ் பெருநாளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. பையைத் தூக்க வந்த தன் தம்பி ஸப்ரானின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினார். காரணத்தைப் பிறகு போனில் சொன்னார்.

ஆட்கள் குளிக்கும் இடங்களில் கடல்நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது அவருடைய வேலை. அபாயா நனைய இடுப்பளவு ஆழத்துக்குப் போய், போத்தலைக் கவிழ்த்து அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே திருப்பி நிரப்புவார்.

“என்ன ராத்தா, கடலை வீட்டுக்குக் கொண்டு போறீங்களா?” என்று கரையிலிருந்து கேட்பார்கள்.

“ஓம், உங்கட கக்கூஸ் இதுக்குள்ள வருதாண்டு பார்க்கத்தான்!”

போத்தல் ஐஸ் பெட்டியில் ஆறு மணித்தியாலத்துக்குள் புத்தளம் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் எடுக்கமாட்டார்கள். அன்றே இன்னொரு கடற்கரைக்கும் போக வேண்டியிருந்ததால், பெட்டியை ஸப்ரானின் முச்சக்கரவண்டியில் அனுப்புவார்.

அந்த வருடம் ஒரு விடுதியின் கழிவு வாய்க்கால் கடலில் விழத் தொடங்கியது. குளித்த பிள்ளைகளுக்குச் சொறி வந்தது. பெருநாள் கூட்டம் வருமுன் குளிப்பைத் தடுக்க, பரிசோதனை முடிவு ஒன்று கையில் வேண்டும். மூன்று வாரம் தொடர்ந்து பெட்டி பிந்தியது. ஒரு நாள் டயர், ஒரு நாள் பெற்றோல், ஒரு நாள் வீதி வேலை என்றான் தம்பி.

நாலாவது வாரம் ராத்தா மற்றக் கடற்கரையை விட்டுவிட்டு அவன் பின்னாலேயே போனார். வண்டி அதே விடுதியின் முற்றத்தில் நின்றது. பெட்டி வெயிலில் கிடந்தது. ஸப்ரான் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான்.

“கடலை மூடினா நான் யாரை ஏத்துற ராத்தா? பொய்யா ஒண்டும் எழுதல்லையே. கொஞ்சம் நேரம் போச்சு, அவ்வளவுதான்.”

ராத்தா அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிந்தியது தன் பிழை என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார். மாற்றல் கடிதம் வந்தது. பெருநாளன்று கடற்கரையில் கால் வைக்க இடமில்லை.

இரண்டு வருடம் கழித்து ஸப்ரானிடமிருந்து அவருக்கு ஒரு செய்தி வந்தது. ஒரு சொல்லும் சேர்க்காமல் அதை எனக்கு அனுப்பியிருந்தார்.

“ராத்தா, அந்த விடுதியில இப்ப நானும் பங்கு. வெளிநாட்டுக்காரங்க தண்ணி ரிப்போர்ட் கேக்குறாங்க. வாய்க்காலை விட்டுத் தள்ளி, நல்ல இடமாப் பார்த்து ஒரு போத்தல் எடுத்துத் தாங்களேன். நீங்க எடுத்தா எல்லாரும் நம்புவாங்க.”