எங்கள் தெருவுக்கு வந்த துரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குன்னூரில் எங்கள் தெருவில் ஒரு டூரிஸ்ட் வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் எல்லோரும் எங்கள் பக்கத்து வீட்டை செல்போனில் படம் எடுத்தார்கள்.

டிரைவர் முருகேசன் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தான். "இந்த ஊட்லதானுங்க ஒரு வெள்ளைக்கார துரை தூக்குல தொங்குனாரு. மூடுபனி எறங்குனா மாடியில பூட்ஸ் சத்தம் கேக்குமுங்க!"

எனக்குச் சிரிப்பு. துரையா... எங்கள் தெருவிலா? சுதந்திரம் வந்தபோது இது வெறும் கற்பூர மரச் சரிவு. துரைமார்கள் கப்பலேறிய பிறகு, தொழிற்சாலை ஊழியர்கள் மனை வாங்கி, ஷிப்ட் முடிந்து வந்து தாங்களே மண் வெட்டிக் கல் சுமந்து உண்டாக்கிய தெரு. அந்த வீட்டைக் கட்டியவர் ஸ்டெல்லா டீச்சரின் அப்பா.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. ரிடையராகி அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்தால்தான் துணை. இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு பெங்களூருக்கு வந்துவிடச் சொல்கிறாள் மகள். வீடு பார்க்க வந்தவர்களோ, பேய்க் கதையைக் கேட்டதும் அட்வான்ஸ் பேச்சையே எடுக்காமல் திரும்பிவிட்டார்கள்.

"அப்பா கட்டுன ஊடுங்க. இதை உட்டுட்டு எங்கீங்க போறது?" என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

இருவருமாக முருகேசனைப் பிடித்தோம். தெருவின் உண்மை வரலாற்றை நான் ஒரு பிரசங்கமாகவே சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டான்.

"எல்லாம் செரிங்க சார். ஷிப்ட் முடிஞ்சு வந்து ஊடு கட்டுனாங்கன்னு சொன்னா, யாருங்க வண்டிய உட்டு எறங்குவாங்க?"

அவன் சொல்வதும் நியாயம்தான். கட்டியவனைவிடத் தொங்கியவன்தான் நமக்கெல்லாம் சுவாரஸ்யம்!

முருகேசன், டீச்சரிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். டீச்சர் அவனைத் தனியே கூப்பிட்டு என்னவோ சொன்னார். "அப்பிடியே செஞ்சர்றனுங்க டீச்சர்" என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

இப்போது மாடியில் கைக்குழந்தையோடு ஒரு இளம் ஜோடி. கொடியில் குட்டிக் குட்டி ஸ்வெட்டர்கள். டீச்சர் குழந்தையைக் கொஞ்சுவது எங்கள் வீடு வரை கேட்கிறது. நிறைவாக இருந்தது.

இந்த ஞாயிறு மறுபடியும் வேன். அதே துரை, அதே பூட்ஸ். ஆனால் செல்போன்கள் எல்லாம் திரும்பியிருந்தன... என் வீட்டு மாடியை நோக்கி!

"டீச்சர்!" என்று அலறினேன்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் அருகே வந்தார். "கோவிச்சுக்காதீங்க. துரையும் எங்கீங்க போவாரு? நீங்கதான் மாடிய வாடகைக்கே உடறதில்லையே!"

மூடுபனி இறங்கட்டும்... ஒரு ஜோடி பூட்ஸ் வாங்குவதாக இருக்கிறேன்.