நான்கு பிஸ்தா, எட்டுப் பேரீச்சை

பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே திரிபோலியில் அடுக்களைகள் தட்ட ஆரம்பித்துவிடும். நெய்யில் பிசைந்த ரவைக்குள் பிஸ்தாவோ பேரீச்சையோ வைத்து, மர அச்சில் அழுத்தி, மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் மஅமூல் பலகாரம் கையில் விழும். அதை விற்றுத்தான் நஸீஹா, அண்ணன் ரிஃப்அத்துக்குக் குளிர்காலம் முழுக்க பிசியோதெரபிஸ்டை வரவழைக்க இருந்தாள். பக்கவாதத்தில் அவருடைய வலக்கை விழுந்துவிட்டது. பயிற்சி நின்றால் விரல்கள் மடங்கி இறுகிவிடும்.

நெய்யும் ரவையும் கிடைத்தது அவ்வளவுதான். கடையில் இனி இல்லை. பிஸ்தாவில்தான் லாபம் என்று அவள் எல்லாவற்றையும் பிஸ்தாவாகவே போட இருந்தாள். கணக்கு வாத்தியாராக இருந்த ரிஃப்அத், இடக்கையால் பென்சில் பிடித்துச் சாய்கோடு இரண்டு இழுத்தார். ஒன்று ரவை எட்டும் எல்லை, ஒன்று நெய் எட்டும் எல்லை.

“பிஸ்தாவுல லாபம் கொஞ்சம்தான் கூட. நெய்யை ஒன்றரை மடங்கு குடிக்கும். பத்தாவது தட்டு நிரம்புறதுக்குள்ளயே நெய் தீர்ந்துரும், மிச்ச ரவை உன்னைப் பார்த்துச் சிரிக்கும்.”

கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்தில் புள்ளி வைத்தார். நான்கு தட்டு பிஸ்தா, எட்டுத் தட்டு பேரீச்சை. ரவையும் மிஞ்சாது, நெய்யும் மிஞ்சாது. இந்தச் சரக்கில் இதற்குமேல் லாபம் இல்லை. கோடு குடிகாரன் நடை மாதிரி இருக்கிறதே என்று அவள் சீண்டினாள். நோய் வந்தபின் அவர் பென்சில் எடுத்தது அன்றுதான்.

மறுநாள் மாவு பிசையும்போது அவள் காதில் பட்டது. எதிர்வீடு தட்டுகிறது, கீழ்வீடு தட்டுகிறது, மேல்வீடு தட்டவில்லை. மேல்வீட்டு அபூ ஷரீஃப் இறந்து இது முதல் பெருநாள். சாவு விழுந்த வீட்டில் அந்தப் பெருநாளுக்கு மஅமூல் செய்யமாட்டார்கள். அக்கம்பக்கம்தான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். வருடா வருடம் முதல் தட்டைக் குறைசொல்லித் தின்ன இறங்கி வந்தவரே அவர்தான். முந்தின நாள் கணக்கில் அவர் வீட்டுக்கென்று ஒரு தட்டு ஒதுக்க இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை.

ரிஃப்அத் மறுபடி காகிதத்தை இழுத்தார். “பேரீச்சை குடுத்தா நஷ்டம் கம்மி,” என்றார். பென்சில் அங்கேயே நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. மூன்று மாடியும் அவரை முதுகில் சுமந்து ஏறியவர் அபூ ஷரீஃப்.

“பிஸ்தாவே குடும்மா. என் பயிற்சியில ரெண்டு நாளைக் கழிச்சுக்கோ.”

“கழிச்சா கை என்னாகும்னு தெரியுமாண்ணே?”

நஸீஹா கையைத் துடைத்துக்கொண்டு, அவர் நாற்காலியை மேசையருகே தள்ளினாள். வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, மாவு அடைத்த அச்சின் காம்பைச் சுற்றி மடித்து, தன் கையை மேலே வைத்தாள்.

“அந்த ரெண்டு நாளுக்கு இதுதான் பயிற்சி. தட்டுங்க.”

முதல் தட்டலில் எதுவும் விழவில்லை. அடுத்ததில் பாதி விழுந்தது.

“அபூ ஷரீஃப் இருந்து இதைப் பார்த்திருந்தா விட்டுவைப்பானா?” என்றார் ரிஃப்அத்.

“திட்டிக்கிட்டே முதல்ல இதைத்தான் எடுத்து வாயில போடுவார்.”

ஒரு தட்டு நிரம்ப மதியமாகிவிட்டது. உடைந்ததை அடியில் வைத்து, முழுசை மேலே அடுக்கி, அபூ ஷரீஃபின் மனைவியிடம் கொடுக்க எடுத்துக்கொண்டு அவள் மாடியேறினாள்.